நூறு நாள் இருந்தும் படிக்காமல் விட்ட மூன்று அவசரச் சட்டங்கள்

2020 ஜூன் முதல் செப்டம்பர் முடிய ஒரு தமிழ் நாளிதழின் செய்தி மேசையில் நடந்தவை பற்றிய ஆய்வுக் குறிப்பு இது. அந்த மேசையில் நானும் இருந்தேன். நாளிதழின் பெயர் வேண்டாம், உடன் வேலை பார்த்தவர்களின் பெயரும் வேண்டாம். மும்பையில் இறந்துபோன இந்தி நடிகர், அவருடைய தோழியான நடிகை இருவரின் பெயரும் ஊருக்கே தெரியும். இருந்தாலும் எழுதப்போவதில்லை. அந்தப் பெயர்களைத் தலைப்பில் ஏற்றிய பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

பின்னணி

அந்த ஆண்டு மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியதும் முதலில் வற்றியது விளம்பரம். பக்கங்கள் குறைந்தன, சம்பளம் குறைந்தது, மேசையில் பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள். தேசியச் செய்திகளுக்குச் செய்தி நிறுவனங்கள் எழுதி அனுப்பும் ஏஜென்சி காப்பியையும் எதிர்ச் சுவரில் ஓடும் டிவிகளையும் தவிர எங்களுக்கு வேறு கண் கிடையாது. டெல்லியில் ஆள் வைக்கும் அளவுக்குப் பெரிய பத்திரிகை அல்ல.

ஜூன் 5 அன்று மத்திய அரசு மூன்று வேளாண் அவசரச் சட்டங்களைப் பிறப்பித்தது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்கு வெளியே விளைபொருளை வாங்கி விற்பது பற்றி ஒன்று, ஒப்பந்தச் சாகுபடி பற்றி ஒன்று, அத்தியாவசியப் பொருட்களுக்கான இருப்பு வரம்பைத் தளர்த்துவது பற்றி ஒன்று. வந்த காப்பி அரசின் செய்திக்குறிப்பை ஒட்டியே இருந்தது. 'விவசாயிகள் இனி எங்கும் விற்கலாம்' என்று தலைப்புப் போட்டு உள்பக்கத்தில் வைத்தோம். அரசிதழை யாரும் திறந்து பார்க்கவில்லை. நானும்தான்.

ஜூன்

ஜூன் 14 ஞாயிற்றுக்கிழமை மதியம் நடிகரின் மரணச் செய்தி வந்தது. முதல் பக்கத்தில் பெரிய படத்தோடு போட்டோம். தற்கொலைச் செய்திகளைப் பெரிதாக்கக் கூடாது, எப்படி நடந்தது என்று விவரிக்கக் கூடாது என்று இந்தியப் பத்திரிகைக் குழு (பிரஸ் கவுன்சில்) 2019 செப்டம்பரிலேயே நெறிமுறை வெளியிட்டிருந்தது. அந்த இரவு அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

மறுநாள் இரவு கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினருடன் நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் இறந்தார்கள். நடிகர் செய்தி தானாகவே பின்னால் போய்விட்டது. அது அப்படியே அடங்கிவிடும் என்றுதான் நினைத்தோம்.

அதே மாதம் சாத்தான்குளம். கடையைக் கூடுதல் நேரம் திறந்து வைத்ததாகச் சொல்லி ஜூன் 19 அன்று கைது செய்யப்பட்ட தந்தையும் மகனும் 22-ம் தேதி இரவும் 23-ம் தேதி காலையும் அடுத்தடுத்து இறந்தார்கள். இதை வாரக்கணக்கில் முதல் பக்கத்தில் வைத்திருந்தோம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து விசாரித்தது, காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது, ஜூலை தொடக்கத்தில் காவல் துறையினர் கைதானார்கள். பரபரப்புக்கும் குறைவில்லை, பேனர் தலைப்புகளுக்கும் குறைவில்லை. இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. பரபரப்பான செய்தி என்பதாலேயே அது திசைதிருப்பல் ஆகிவிடாது. சாத்தான்குளத்தில் பரபரப்பும் பொதுப் பிரச்சினையும் ஒன்றாகவே இருந்தன. லாக்கப் சாவுதான் செய்தி, லாக்கப் சாவுதான் பிரச்சினை. அடுத்து வந்த கதையில் இரண்டும் ஒட்டவே இல்லை.

ஜூலை இறுதியும் ஆகஸ்டும்

ஜூலை 25 அன்று நடிகரின் தந்தை பாட்னாவில் புகார் கொடுத்து, வழக்குப் பதிவானது. 31-ல் அமலாக்கத் துறை உள்ளே வந்தது. ஆகஸ்ட் 19-ல் உச்ச நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ. வசம் கொடுத்தது. கொஞ்ச நாளில் போதைப்பொருள் தடுப்புப் பிரிவும் சேர்ந்துகொண்டது. ஒரு மரணம், மூன்று மத்திய அமைப்புகள். தினம் ஒருவருக்குச் சம்மன், ஒருவரிடம் விசாரணை, ஒருவரின் வாட்ஸ்அப் உரையாடல் கசிவு. சீரியலுக்குத் தினமும் ஒரு எபிசோட் வேண்டும் அல்லவா, அது தானாகவே கிடைத்தது.

டிவி நிருபர்கள் நடிகையின் குடியிருப்பு வாசலில் தபால்காரரை மறித்து மைக்கை நீட்டினார்கள். சாப்பாடு டெலிவரி செய்ய வந்தவரையும் விடவில்லை. மேசையில் நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தோம். சிரித்துவிட்டு, அவர்கள் சொன்னதை 'தகவல்கள் தெரிவிக்கின்றன' என்று சேர்த்து நாங்களும் போட்டோம்.

நடிகரின் சொந்த மாநிலமான பீகாரில் அப்போது வெள்ளம். லட்சக்கணக்கான குடும்பங்களின் வீடும் வயலும் தண்ணீரில். பாட்னாவில் பதிவான வழக்குக்கு நாடு முழுக்க இடம் கிடைத்தது, பாட்னாவுக்கு வடக்கே இருந்த தண்ணீருக்கு எங்கள் பத்திரிகையில் கிடைத்தது இரண்டு படவிளக்கங்கள். எங்களுக்கு பீகார் தூரம்தான். மும்பையும் தூரம்தானே?

ஆகஸ்டில் ஒரு நல்ல காரியமும் நடந்தது, ஆனால் அதில் எங்களுக்குப் பெருமை இல்லை. திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும் விதிகளை மாற்றும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கைக்குப் பொதுமக்கள் கருத்துச் சொல்லக் கடைசி நாள் ஆகஸ்ட் 11. வரைவை 22 மொழிகளில் வெளியிடும்படி டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்றே சொல்லியிருந்தும், அரசின் தமிழ் மொழிபெயர்ப்பு வரவில்லை. ஆனாலும் இங்கே பேச்சு கிளம்பியது. ஒரு தமிழ் நடிகர் அறிக்கை விட்டார், கல்லூரிப் பிள்ளைகள் மாதிரி மின்னஞ்சலை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள், நாடு முழுவதிலிருந்தும் லட்சக்கணக்கில் கருத்துகள் போய்ச் சேர்ந்தன. அந்த வரைவு அதே வடிவில் இறுதியாகவில்லை. பிறகு திருத்தங்கள் துண்டு துண்டாக வந்தன என்பது வேறு கதை. டிவியின் துணை இல்லாமலே ஒரு வறண்ட அரசாங்க ஆவணம் பேசுபொருளானது எப்படி என்று அப்போது யோசித்திருக்க வேண்டும். யோசித்தது ரொம்பப் பின்னால்.

தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த கேள்வி

ஆகஸ்ட் கடைசியில் எங்கள் டெல்டா நிருபர் செய்தி ஆசிரியருக்கு போன் செய்தார். அந்த வருடம் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-லேயே திறக்கப்பட்டிருந்தது. குறுவை நன்றாக வந்திருந்தது, அறுவடை நெருங்கிக்கொண்டிருந்தது.

"சார், இந்த மூணு சட்டம் வந்தா கொள்முதல் நிலையம் இருக்குமா இருக்காதான்னு விவசாயிங்க கேக்கறாங்க. நாம ஏதாவது விளக்கமா போட்டமா?"

செய்தி ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் கணினியில் தேடிப்பார்த்தேன். ஜூன் மாதத்து அந்த உள்பக்கச் செய்தி ஒன்றுதான். "பார்லிமென்ட்ல வரும்போது பெருசா பண்ணிக்கலாம்பா" என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. மேசையில் அன்று நான்கே பேர். சட்டத்தைப் படித்து விளக்கம் எழுத ஒருவரை இரண்டு நாள் விடுவிக்க வேண்டும். மும்பைச் செய்தியை ஏஜென்சி படத்தோடு, கட்டம்போடு, பின்னணியோடு தட்டில் வைத்துக் கொடுத்தது. மொழிபெயர்த்தால் போதும், இருபது நிமிட வேலை.

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப்படுவது இந்த இடம்தான். மக்களைத் திசைதிருப்ப யாரோ மேலிருந்து திட்டம் போட்டார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. எங்கள் மேசையைப் பொறுத்தவரை அப்படி ஒருவர் தேவைப்படவும் இல்லை. மலிவான செய்தி ஒன்றும் உழைப்பைக் கேட்கும் செய்தி ஒன்றும் ஆள் பற்றாத நாளில் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. மலிவானது ஜெயித்தது.

டிவியிலும் இதே கணக்குதான், அளவு மட்டும் பெரிது. நாட்டில் கோடிக்கணக்கான வீடுகளில் டிவி இருக்க, எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் ரேட்டிங் மீட்டர் பொருத்தியிருந்தவை 40,000 வீடுகளுக்குச் சற்று மேல். அதிலும் செய்திச் சேனல் பார்ப்போர் கொஞ்சம், ஆங்கிலச் செய்தி பார்ப்போர் அதிலும் சொற்பம். வாராவாரம் வரும் அந்தப் புள்ளிகளை வைத்தே விளம்பரம் கைமாறியது. ஆளில்லாமல், வெளியூர்ச் செலவில்லாமல், ஸ்டுடியோவில் எட்டு ஜன்னல் போட்டுக் கத்தினால் புள்ளி ஏறும் என்று ஆனபின் யார் நிருபரை வெள்ளத்துக்கு அனுப்புவார்கள்?

செப்டம்பர்

ஆகஸ்ட் 31 மாலை முதல் காலாண்டின் உள்நாட்டு உற்பத்திக் கணக்கு வெளியானது: 23.9 சதவீத வீழ்ச்சி. அன்றே முன்னாள் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி காலமானதால் முதல் பக்கத்தை அவர் எடுத்துக்கொண்டார், அதில் தவறில்லை. மறுநாளாவது பொருளாதாரத்துக்கு வந்திருக்கலாம். வரவில்லை. நடிகையின் பெற்றோரையும் சி.பி.ஐ. விசாரிப்பது தலைப்பானது.

செப்டம்பர் 7-ல் தொற்று எண்ணிக்கையில் இந்தியா பிரேசிலை முந்தி உலகில் இரண்டாம் இடத்துக்கு வந்தது. 8-ம் தேதி நடிகை கைது. 9-ம் தேதி எங்கள் முதல் பக்கத்தில் எது நான்கு கலம் (பத்தி அகலம்), எது ஒரு கலம் என்று சொல்லத் தேவையில்லை.

12-ம் தேதி, நீட் தேர்வுக்கு முந்தைய நாள், தமிழ்நாட்டில் ஒரே நாளில் மூன்று மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். எங்கள் மேசை அன்றுதான் கொஞ்சம் விழித்தது. மூத்த உதவி ஆசிரியர் ஒருவர், பெண், பக்கத்தை மூடும் நேரத்தில் வந்து நின்றார். "மும்பைக்காரர் செத்ததை மூணு மாசமா எப்படி எழுதினோமோ அப்படியே இந்தப் பிள்ளைங்களைப் பத்தியும் எழுதப் போறோமா?" என்று கேட்டார். எழுதிவைத்துவிட்டுப் போன கடிதத்தின் படம் நீக்கப்பட்டது. விவரணை நீக்கப்பட்டது. செய்தியின் கீழே 104 உதவி எண் போனது. அந்த நான்கு மாதத்தில் நாங்கள் எடுத்த உருப்படியான முடிவு என்றால் இதைத்தான் சொல்வேன்.

14-ம் தேதி நாடாளுமன்றம் கூடியது, கேள்வி நேரம் இல்லாமல். ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் எத்தனை புலம்பெயர் தொழிலாளர்கள் இறந்தார்கள் என்ற கேள்விக்கு, அப்படி ஒரு தரவு இல்லை என்று தொழிலாளர் துறை எழுத்துபூர்வமாகப் பதில் சொன்னது. சில நாள் கழித்து, சிறப்பு ரயில்களில் மட்டும் 97 பேர் இறந்ததாக ரயில்வே சொன்னது. இரண்டும் வேறு வேறு நாளில் வேறு வேறு பக்கத்தில் வந்தன. ஒன்றை இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க எங்களுக்கு நேரமில்லை.

17-ம் தேதி இரண்டு வேளாண் மசோதாக்கள் மக்களவையில் நிறைவேறின. பஞ்சாபைச் சேர்ந்த மத்திய அமைச்சர் ஒருவர் பதவி விலகினார். 20-ம் தேதி மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பு, அமளி, விதிப் புத்தகம் கிழிப்பு. அப்போதுதான் டிவிகள் திரும்பிப் பார்த்தன. பார்த்தது அமளியை. மறுநாள் எட்டு எம்.பி.க்கள் இடைநீக்கம் செய்யப்பட்டு, காந்தி சிலை அருகே இரவு முழுக்க உட்கார்ந்தார்கள். 22-ம் தேதி காலை அவையின் துணைத் தலைவர் அவர்களுக்குத் தேநீர் எடுத்துப் போனார். அந்தத் தேநீர் பெரிய செய்தி. நாங்களும் படம் போட்டோம். அதே நாளில் மாநிலங்களவை மூன்றரை மணி நேரத்தில் ஏழு மசோதாக்களை நிறைவேற்றியது.

22, 23 தேதிகளில் மூன்று தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எதிர்க்கட்சிகள் இல்லாத அவைகளில் நிறைவேறின. ஆலையை மூடவோ ஆட்குறைப்புச் செய்யவோ அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300-க்கு உயர்ந்தது. கோவையிலும் திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் இந்த ஒரு எண்ணுக்குள் எத்தனை பட்டறை, எத்தனை ஆலை வரும் என்று ஒரு நிருபரை விட்டு எழுத வைத்திருக்கலாம். 23-ம் தேதி பிரபல இந்தி நடிகைகளுக்குப் போதைப்பொருள் தடுப்புப் பிரிவு சம்மன் அனுப்பியது. பக்கம் அதற்குப் போனது.

25-ம் தேதி விவசாயிகளின் நாடு தழுவிய போராட்டம். அன்று மதியம் எஸ்.பி.பி. போய்விட்டார். தமிழ்நாட்டில் அன்று வேறு எந்தச் செய்தியும் எடுபட்டிருக்காது, எடுபட்டிருக்கவும் வேண்டாம். எல்லாக் கவனச் சிதறலையும் ஒரே பட்டியலில் போடக்கூடாது என்பதற்காக இதைக் குறித்து வைக்கிறேன். 26-ம் தேதி, நடிகைகளின் கார்களைச் சேனல் கார்கள் துரத்திய நாள், அப்படி அல்ல.

பிறகு நடந்தவை

அக்டோபர் தொடக்கத்தில் எய்ம்ஸ் மருத்துவக் குழு கொலை என்ற சந்தேகத்தை நிராகரித்ததாகச் செய்தி வந்தது. 7-ம் தேதி மும்பை உயர் நீதிமன்றம் நடிகைக்கு ஜாமீன் கொடுத்தது. அவர் போதைப்பொருள் வியாபாரிகளின் சங்கிலியில் ஒருவர் அல்ல என்றும் சொன்னது. ஏறக்குறைய ஒரு மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்தார்.

8-ம் தேதி மும்பை காவல் துறை ரேட்டிங் மோசடி என்று ஒரு வழக்கை அறிவித்தது. அடுத்த வாரம் செய்திச் சேனல்களின் ரேட்டிங்கே நிறுத்தி வைக்கப்பட்டு, 2022 மார்ச்சில்தான் திரும்பவும் வெளிவந்தது. அந்த வழக்கை மாநில அரசே பின்னர் திரும்பப் பெற்றுக்கொண்டது.

2021 ஜனவரி 18-ல் மும்பை உயர் நீதிமன்றம் ஊடக விசாரணை பற்றித் தீர்ப்பளித்தது. இறந்தவரைப் பலவீனமானவராகக் காட்டுவது, சம்பவத்தை நடித்துக் காட்டுவது, சாட்சிகளைப் பேட்டி எடுப்பது, விசாரணைத் தகவல்களைக் கசியவிடுவது எல்லாம் நீதி நிர்வாகத்தில் குறுக்கிடும் என்றது. பத்திரிகைக் குழுவின் நெறிமுறைகள் இப்போதைக்கு டிவிக்கும் பொருந்தும் என்றது. இரண்டு சேனல்களின் சில நிகழ்ச்சிகள் முதல் பார்வையில் நீதிமன்ற அவமதிப்பு என்றும் சொல்லி, நடவடிக்கை எடுக்காமல் விட்டது.

வேளாண் சட்டங்கள் என்ன ஆயின என்பது தெரிந்ததே. நவம்பர் 26-ல் தொடங்கிய டெல்லி எல்லை முற்றுகை ஒரு வருடம் நீடித்தது. 2021 நவம்பர் 19-ல் பிரதமர் வாபஸ் அறிவித்தார், 29-ல் இரு அவைகளும் விவாதம் இல்லாமலே ரத்து மசோதாவை நிறைவேற்றின. சட்டமாக வந்தபோதும் போதிய விவாதம் இல்லை, போனபோதும் இல்லை.

முற்றுகையின்போதுதான் நாங்கள் குறைந்தபட்ச ஆதரவு விலை பற்றி முழுப் பக்கம் போட்டோம். நன்றாகவே வந்திருந்தது. டெல்டா நிருபரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: "ஆகஸ்ட்ல கேட்டது சார்."

மேசையில் மாற்றியவை

செப்டம்பருக்குப் பிறகு ஒரு கூட்டம் போட்டோம். பரபரப்புச் செய்தியே வேண்டாம் என்று ஒரு தம்பி சொன்னார். அது நடக்காது. வாசகர் கேட்கிறார், பத்திரிகை விற்க வேண்டும், எங்களுக்கும் படிக்கப் பிடிக்கிறது, இதில் என்ன பொய்?

நடந்ததைத் தேதிவாரியாகப் பலகையில் எழுதியபோது ஒன்று தெரிந்தது. மும்பைக் கதைக்குக் கெடு எதுவும் இல்லை. இன்று எழுதாவிட்டால் நாளை எழுதலாம், அடுத்த மாதம் எழுதினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. மற்றவை எல்லாவற்றுக்கும் கெடு இருந்தது. கருத்துச் சொல்லக் கடைசி நாள், வாக்கெடுப்பு நாள், அவசரச் சட்டம் காலாவதியாகும் நாள். அந்த நாள் தாண்டிய பிறகு எவ்வளவு அருமையாக எழுதினாலும் அது வரலாறுதான், வாசகர் கையில் ஒன்றும் இல்லை. ஜூன் 5-க்கும் செப்டம்பர் 17-க்கும் நடுவில் நூறு நாளுக்கு மேல் இருந்தது. சுற்றுச்சூழல் வரைவு யார் கண்ணிலும் படாமல் போகாததற்குக் காரணமும் இதுதான். ஆகஸ்ட் 11 என்ற ஒரு தேதியை யாரோ சிலர் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

ஆகவே மேசைக்குப் பக்கத்துப் பலகையில் 'கெடு' என்று ஒரு பத்தி போட்டோம். அவசரச் சட்டமோ வரைவோ வந்தால் அதன் கெடு நாளும் அதைப் படிக்க வேண்டியவரின் பெயரும் அதில் ஏறும். கெடுவுக்குப் பத்து நாள் முன்பு விளக்கச் செய்தி வந்தாக வேண்டும், அது முதல் பக்கமா பத்தாம் பக்கமா என்பது அன்றைய பாடு. டிவியில் ஓடுவதை மட்டுமே ஆதாரமாக வைத்து எதையும் போடுவதில்லை என்றும் முடிவு செய்தோம். இந்த இரண்டாவது விதி ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. பலகை தாங்கியது, இடையிடையே சோம்பலோடு. இணையதளப் பிரிவு இரண்டிலும் சேரவே இல்லை. அவர்கள் திரையில் நொடிக்கு நொடி எண்ணிக்கை ஓடுகிறது, எங்கள் பலகையில் சாக்பீஸ் எழுத்து.

திரும்பச் செய்வதானால் இன்னொன்றையும் மாற்றுவேன். மாவட்ட நிருபரின் கேள்வியைத் தலைமையகத்தின் பட்டியலுக்கு மேலே வைப்பேன். கொள்முதல் நிலைய வாசலில் நெல்லோடு நிற்பவர் கேட்ட கேள்வி, நான்கு டிவி பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குத் தோன்றவில்லை.

2025 மார்ச்சில் சி.பி.ஐ. அந்த வழக்கை முடித்து அறிக்கை தாக்கல் செய்தது. சதி, கொலை எதற்கும் ஆதாரம் இல்லை. எங்கள் பத்திரிகையில் ஒரு கலம், ஆறாம் பக்கம். அதே ஆண்டு நவம்பர் 21-ல் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அன்று மாலை புதிதாகச் சேர்ந்த உதவி ஆசிரியர் ஒருவர் பின்னணி எழுதுவதற்காக, "இது பாஸ் ஆன அன்னிக்கு நாம என்ன சார் போட்டோம்?" என்று கேட்டார். 2020 செப்டம்பர் 24-ம் தேதி பக்கங்களைத் திறந்து காட்டினேன். முதல் பக்கத்தில் மூன்று நடிகைகளின் படம். அவர் அடுத்த பக்கத்துக்கும், அதற்கடுத்த பக்கத்துக்கும் போய்க்கொண்டிருந்தார்.